அடிவானம் தெரியாத இரவு

அட்லாண்டிக் கடலடியில் சுமார் 120 அடி ஆழத்தில் கிடந்த ஒரு சிறு விமானம் 1999 ஜூலையில் மேலே கொண்டுவரப்பட்டது. நொறுங்கிப்போன அதன் கருவிப் பலகையில், எஞ்சின் சுழற்சியைக் காட்டும் முள் 2,750 என்ற எண்ணில் இறுகி நின்றிருந்தது. தண்ணீரில் மோதிய கணத்தில் எஞ்சின் நிமிடத்துக்கு ஏறக்குறைய அத்தனை சுற்று சுற்றிக்கொண்டிருந்தது என்பதற்கு அந்த முள் ஒரு சாட்சி. வேறு சாட்சிகள் மிகக் குறைவு. ஓட்டியவரும் உடன் போன இருவரும் இறந்துவிட்டார்கள். நடந்தது இரவில், கரையிலிருந்து சில மைல் தள்ளிய கடலில். பெரிய பயணிகள் விமானங்களில் கட்டாயமாக இருக்கும் கருப்புப் பெட்டி இந்த அளவு விமானங்களில் இருப்பதில்லை.

விமானியின் அறையில் ஒரு சிறிய பேச்சுப் பதிவுக் கருவி இருந்ததென்னவோ உண்மை. கடைசி ஐந்து நிமிடப் பேச்சைத் தன் நினைவகத்தில் வைத்திருக்கக்கூடிய கருவி அது. ஆனால் மோதலில் நசுங்கி, அதன் நினைவகத்தைக் காத்துவந்த பேட்டரியும் எங்கோ போய்விட்டது. அதிலிருந்து ஒரு சொல்கூடக் கிடைக்கவில்லை.

ஓட்டியவர் ஜான் எஃப். கென்னடி ஜூனியர். 1963இல் சுட்டுக் கொல்லப்பட்ட அமெரிக்க அதிபரின் மகன், வயது 38. உடன் சென்றவர்கள் அவருடைய மனைவி கரோலினும், கரோலினின் அக்கா லாரன் பெசெட்டும். செய்தி வெளியானதும் உலகப் பத்திரிகைகள் கென்னடி குடும்பத்தின் மீதான சாபத்தைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதின. சதி என்று சொன்னவர்களும் உண்டு, இன்றும் சொல்கிறார்கள். அமெரிக்காவின் தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியமோ ஏறக்குறைய ஓராண்டு வேலை செய்து, 2000 ஜூலையில் தன் முடிவை வெளியிட்டது. சாபக் கதைகள் எல்லாவற்றையும்விட அந்த அறிக்கை மனதை அதிகம் உலுக்கக்கூடியது. அதில் இருப்பது எந்தக் குடும்பத்துக்கும் தனியானதல்ல. காது உள்ள எல்லோருக்கும் பொதுவான ஒரு குறை.

அன்று ஜூலை 16, வெள்ளிக்கிழமை. நியூ ஜெர்சியின் எசெக்ஸ் கவுண்டி விமான நிலையத்திலிருந்து மார்த்தாஸ் வினியார்ட் தீவுக்குப் போய், மைத்துனியை இறக்கிவிட்டு, அங்கிருந்து ஹயானிஸ் நகருக்குப் போவதாகத் திட்டம். மாலை ஆறு மணிக்குள் விமான நிலையம் வந்துவிடுவதாக ஏற்பாடு. சாலையில் நெரிசல், தாமதம். ஒற்றை எஞ்சின் கொண்ட பைப்பர் சரடோகா தரையை விட்டு எழும்பியபோது இரவு மணி 8:38. சூரியன் மறைந்து சில நிமிடங்கள் ஆகியிருந்தன.

பறப்பைத் தடுக்கக்கூடிய வானிலை ஒன்றுமில்லை. புயல் இல்லை, மழை இல்லை, தாழ்ந்த மேகம்கூட இல்லை. கோடைக்காலத்துக்கே உரிய புழுக்க மூட்டம் மட்டும் கடல்மேல் படர்ந்திருந்தது. மெல்லிய பிறை மேற்கே தாழ்ந்திருக்க, விமானம் கிழக்கு நோக்கிப் போனது. பாதையின் பெரும்பகுதி கனெக்டிகட் கரையோரமாகச் செல்வது. கரை நெடுக ஊர் விளக்குகள் இருந்தன. ரோட் தீவு மாநிலத்தின் ஜூடித் முனையைத் தாண்டியதும் கரை விலகிப்போகும். அதற்குப் பிறகு தீவு வரை ஏறக்குறைய 30 மைலுக்குக் கடல்தான்.

அதே மாலை அந்தக் கடலைக் கடந்த வேறு சில விமானிகளை ஆய்வாளர்கள் பின்னர் விசாரித்தார்கள். அடிவானமே தெரியவில்லை என்றார்கள் அவர்கள். ஒருவர், தீவு இருக்க வேண்டிய திசையில் குனிந்து பார்த்தபோது ஒரு விளக்கும் தென்படாததால், அங்கே மின்சாரம் நின்றுபோயிருக்கும் என்றே நினைத்தாராம்.

அதிகாலை இரண்டு மணியைத் தாண்டி, கென்னடியின் விமானம் வந்து சேரவில்லையே என்று குடும்ப நண்பர் ஒருவர் கடலோரக் காவல் படைக்குத் தகவல் கொடுத்தார். அன்றைய பகலில் தீவின் கரையில் பயணப் பெட்டியும் விமானத்தின் சில துண்டுகளும் ஒதுங்கின. ராடார் பதிவுகளை வைத்துத் தேடும் பரப்பைச் சுருக்கினார்கள். ஒலி அலைகளால் கடல் தரையைத் துழாவும் கப்பல்கள் வந்தன. ஜூலை 20 இரவு, கடற்படையின் மீட்புக் கப்பலான கிராஸ்பிலிருந்து இறங்கிய முக்குளிப்போர் சிதைவுகளைக் கண்டார்கள். தீவின் கே ஹெட் முனைக்குத் தென்மேற்கே சுமார் ஏழரை மைல் தொலைவு.

சிதைவுகள் சுமார் 120 அடி நீளத்துக்குள் அடங்கிக் கிடந்தன என்பது மிக முக்கியமான தகவல். வானத்திலேயே இறக்கை முறிந்தோ, வெடித்தோ, தீப்பிடித்தோ ஒரு விமானம் சிதறியிருந்தால் அதன் துண்டுகள் மைல் கணக்கில் பரவியிருக்கும். இலேசானவை காற்றில் ஒரு பக்கமும் கனமானவை இன்னொரு பக்கமும் விழுந்திருக்கும். எந்த விமான விபத்திலும் ஆய்வாளர் முதலில் தேடுவது விமானத்தின் நான்கு ஓரங்களை: மூக்கு, வால், இரண்டு இறக்கை நுனிகள். நான்கும் ஒரே இடத்தில் கிடைத்தால், தரையையோ தண்ணீரையோ தொடும் வரை விமானம் முழுசாக இருந்தது என்று கொள்ளலாம். சரடோகாவில் தீயின் தடயம் இல்லை. இறக்கைகளின் அசைவுத் தகடுகளுக்கும் வால் தகடுகளுக்கும் போகும் கட்டுப்பாட்டுக் கம்பிவடங்கள் அறுந்திருந்தன. ஆனால் மோதலின் இழுவிசையில் அறுந்த வடத்தின் நுனி இழை இழையாகப் பிரிந்து நிற்கும், தேய்ந்து அறுந்த வடத்தின் நுனி வேறு மாதிரி இருக்கும். உருப்பெருக்கியின் கீழ் இரண்டுக்கும் உள்ள வேறுபாடு தெளிவு.

உலோகம் தன் கடைசி நொடியை நினைவில் வைத்திருப்பது வியப்பூட்டும் விஷயம். புரொப்பல்லர் ஓடாமல் நின்ற நிலையில் மோதினால், அடிபட்ட ஓர் அலகு பின்புறமாக மடங்கும், மற்றவை பெரும்பாலும் தப்பிக்கும். எஞ்சின் விசையோடு சுழலும்போது மோதினால் எல்லா அலகுகளும் முறுக்கிக்கொள்ளும், அகலவாட்டில் கீறல்கள் விழும். எச்சரிக்கை விளக்கின் சின்ன பல்பைக்கூட ஆய்வாளர் விடமாட்டார். எரிந்துகொண்டிருந்த பல்பின் இழை சூட்டில் இளகியிருப்பதால் மோதலின் அதிர்ச்சியில் நீண்டு தொங்கும். அணைந்திருந்த பல்பின் இழை ஒன்று சேதமில்லாமல் இருக்கும் அல்லது சட்டென்று முறிந்திருக்கும். ஓர் எச்சரிக்கை விளக்கு விபத்துக்கு முன் எரிந்ததா என்ற கேள்விக்கு இப்படி விடை கிடைக்கும். கைரோ என்கிற சுழலிக் கருவிகளின் உட்கூட்டில் வட்டக் கீறல் இருந்தால் மோதலின்போது சுழலி ஓடிக்கொண்டிருந்தது என்று பொருள். மானிகளின் முள் முகப்பலகையில் அறைந்த தடம், சில சமயம் வெறும் கண்ணுக்குத் தெரியாமல் புற ஊதா ஒளியில் மட்டும் தெரியும்.

கென்னடியின் விமானத்தில் புரொப்பல்லரின் சேதமும், சுழற்சிமானியின் முள்ளும், முழுக்க முன்னே தள்ளப்பட்டிருந்த விசைப்பிடியும் ஒரே கதையைச் சொன்னன. ஒரு துப்பு மட்டும் முரண்டு பிடித்தது. எரிபொருளை எந்தத் தொட்டியிலிருந்து எடுப்பது என்று தேர்வுசெய்யும் அடைப்பான், மூடிய நிலையில் கிடைத்தது. சதிக் கதை எழுதுகிறவர்களுக்கு இது ஒன்றே போதும், எரிபொருளை யாரோ நிறுத்திவிட்டார்கள் என்று. ஆய்வாளர்கள் அந்த அடைப்பானைத் தனியாகப் பார்க்கவில்லை. அது பொருத்தப்பட்ட இடத்திலிருந்தே பிய்ந்து வந்திருந்தது. இணைப்புக் குழாய்கள் மூன்றும் ஒடிந்திருந்தன, அதைத் திருப்பும் தண்டு வளைந்திருந்தது. உள்ளே எரிபொருள் வாடையும் இருந்தது. எரிபொருள் நின்றுபோன எஞ்சின் அந்த வேகத்தில் புரொப்பல்லரைச் சுழற்றி அலகுகளை அப்படி முறுக்கியிருக்க முடியாது. ஒரு துப்பை நம்புவதா கூடாதா என்பதை மற்ற துப்புகள்தான் தீர்மானிக்கின்றன. விபத்து ஆய்வு என்ற துறையின் முதுகெலும்பே இந்தப் பொறுமைதான்.

உடற்கூறு ஆய்வில் மது, போதைப்பொருள் எதுவும் இல்லை. விமானத்தின் உடலிலும் எஞ்சினிலும் மின்னணுக் கருவிகளிலும் மோதலுக்கு முன் ஏற்பட்ட பழுது எதுவும் தென்படவில்லை. இயந்திரம் நன்றாக இருந்திருக்கிறது. அப்படியானால்?

மீதிக் கதை ராடாரில் இருந்தது. கென்னடி கட்டுப்பாட்டு மையம் எதனோடும் வழியில் பேசவில்லை. அப்படிப் பேச வேண்டிய கட்டாயமும் இல்லை. ஆனாலும் விமானத்தின் டிரான்ஸ்பாண்டர் கருவி ராடார் அலைகளுக்குப் பதில் அனுப்பிக்கொண்டே இருந்ததால், இடமும் உயரமும் புள்ளி புள்ளியாகக் கணினியில் பதிவாகியிருந்தன. அந்தப் புள்ளிகளை இணைத்து, காற்றின் வேகத்தைக் கழித்து, விமானத்தின் இயற்பியலைப் பொருத்தினால், ஒவ்வொரு நொடியிலும் இறக்கை எவ்வளவு சாய்ந்திருந்தது என்பதுவரை கணக்கிடலாம்.

தீவின் விமான நிலையத்துக்கு மேற்கே சுமார் 34 மைல் தொலைவில், 5,500 அடி உயரத்திலிருந்து விமானம் இறங்கத் தொடங்கியது. அதுவரை சீரான பயணம். 9:38 வாக்கில், காரணம் தெரியாத ஒரு வலப்புறத் திருப்பம். போக வேண்டிய நிலையம் நேர் எதிரே இருக்க, விமானம் தெற்கே வளைந்தது. 2,200 அடியில் இறக்கம் நின்றது. பிறகு அரை நிமிட ஏற்றம். தென்கிழக்காகச் சிறிது தூரம். அடுத்து இடப்புறத் திருப்பம், 2,600 அடி வரை இன்னொரு ஏற்றம், மீண்டும் இறக்கம். 9:40 கடந்து 15ஆவது நொடியில், இறங்கிக்கொண்டே மறுபடி வலப்புறம் திரும்பியது. இந்த முறை திருப்பம் நிற்கவில்லை. வளைவு இறுக இறுக வேகமும் கூடியது, இறங்கும் விரைவும் கூடியது. 34ஆவது நொடியில் ராடார் பிடித்த கடைசிப் புள்ளியில் உயரம் 1,100 அடி. இறங்கும் விரைவு நிமிடத்துக்கு 4,700 அடியைத் தாண்டியிருந்தது. அந்த விரைவில் 1,100 அடியைக் கடக்க 14 நொடி போதும்.

விமானி தூங்கவில்லை, மயங்கவில்லை என்பதை அந்தக் கோணல்மாணல் பாதையே காட்டுகிறது. ஏதோ ஒன்றைத் திருத்த அவர் முயன்றுகொண்டே இருந்திருக்கிறார். அவர் திருத்தியது எதை என்று புரிந்துகொள்ள மனிதனின் உட்செவிக்குள் போக வேண்டும்.

ஒவ்வொரு காதின் உள்ளேயும் ஒன்றுக்கொன்று செங்குத்தாக மூன்று அரைவட்டக் குழல்கள் இருக்கின்றன. அவற்றை நிரப்பியிருப்பது ஒருவகைத் திரவம். குழலின் அடியில், திரவத்தின் குறுக்கே பாகு போன்ற ஒரு சிறு திரை. தலை திரும்பும்போது குழலும் கூடவே திரும்புகிறது, திரவம் மட்டும் பின்தங்குகிறது. அப்போது திரை வளைய, அதில் புதைந்துள்ள நுண்ணிய மயிரிழைச் செல்கள் மூளைக்குச் செய்தி அனுப்புகின்றன. நாம் நடக்கவும் ஓடவும் மரம் ஏறவும் இந்த ஏற்பாடு மிக நன்றாகவே உதவுகிறது. நிலத்தில் நாம் ஒரே சீராக நிமிடக்கணக்கில் சுற்றிக்கொண்டிருப்பதில்லை.

விமானம் அப்படிச் சுற்றும். ஒரு சொம்புத் தண்ணீரைச் சீராகச் சுழற்றிக்கொண்டே இருந்தால் சிறிது நேரத்தில் தண்ணீரும் சொம்போடு சேர்ந்து சுற்றத் தொடங்குமல்லவா, காதுக்குள்ளும் அதுவே நடக்கிறது. சீரான திருப்பம் பத்து இருபது நொடி நீடித்தால் திரவம் குழலை எட்டிப் பிடித்துவிடுகிறது. திரை நிமிர்ந்துவிடுகிறது. விமானம் இன்னும் திரும்பிக்கொண்டிருக்க, மூளையோ நேராகப் போகிறோம் என்று முடிவு கட்டுகிறது. அந்த நேரத்தில் விமானி இறக்கைகளைச் சமன் செய்தால் குழல் நின்றுவிடும், திரவம் ஓடிக்கொண்டிருக்கும், திரை எதிர்ப்பக்கம் வளையும். சரியாகிவிட்ட விமானம் எதிர்த் திசையில் சுற்றுவதாக அவருக்குத் தோன்றும். இன்னொரு சிக்கலும் உண்டு. நொடிக்கு இரண்டு பாகைக்கும் குறைவாக, மிக மெதுவாக இறக்கை சாய்ந்தால் காது அதை உணர்வதே இல்லை.

காது ஏமாந்தால் உடல் எடை காட்டிக்கொடுக்காதா என்று கேட்கலாம். காட்டிக்கொடுக்காது. சீராகத் திரும்பும் விமானத்தில் புவியீர்ப்பும் திருப்பத்தின் விசையும் சேர்ந்து நம்மை இருக்கைக்குள்தான் அழுத்துகின்றன. பக்கவாட்டில் சரிகிறோம் என்ற உணர்வு வராது. கென்னடியின் விமானம் கடைசித் திருப்பத்தில் 45 பாகைக்கு மேல் சாய்ந்து, மணிக்கு 330 கிலோமீட்டரைத் தாண்டிய வேகத்தில் மூக்கைக் கீழே குத்தியபடி போனபோது, உள்ளே இருந்தவர்களின் உடல் உணர்ந்த விசை சாதாரண எடையைப் போல 1.2 மடங்குதான் என்று வாரியத்தின் கணக்கு சொல்கிறது. எழுபது கிலோ மனிதர் எண்பத்து நான்கு கிலோவாக உணர்வார், அவ்வளவே. விமானம் செத்துக்கொண்டிருக்க, உடலுக்கு அது சற்றே கனத்த ஒரு பயணமாக மட்டும் தெரிந்திருக்கும்.

தெளிந்த பகலில் இந்தக் குழப்பம் ஏற்பட வழியில்லை. கண்ணுக்கு முன் அடிவானம் கோடாக நிற்கும்போது மூளை காதின் பேச்சைத் தள்ளிவிட்டுக் கண்ணை நம்பும். விளக்குகள் மின்னும் நகரத்துக்கு மேலே இரவிலும் அப்படியே. நிலவில்லாத இரவில், மூட்டம் படர்ந்த கடல்மேல், வானமும் நீரும் ஒரே கறுப்பாகிவிடும்போது கண்ணுக்குப் பிடிமானம் இல்லை.

அடுத்து நடப்பதற்கு விமானிகள் இடுகாட்டுச் சுழல் என்று பெயர் வைத்திருக்கிறார்கள். ஒரு பக்க இறக்கை மெல்லத் தாழ்கிறது, யாருக்கும் தெரியவில்லை. சாய்ந்த இறக்கையின் தூக்குவிசை பக்கவாட்டில் போவதால் விமானத்தைத் தாங்கும் பங்கு குறைந்து மூக்கு தாழ்கிறது. உயரமானி இறங்குகிறது, காற்றின் இரைச்சல் கூடுகிறது. நேராகத்தான் போகிறோம், ஆனால் இறங்குகிறோம் என்று நினைக்கும் விமானி, ஏறுவதற்காகக் கைப்பிடியைத் தன் பக்கம் இழுக்கிறார். சாய்ந்த விமானத்தில் அந்த இழுப்பு ஏற்றத்தைத் தராது, சுழலை இன்னும் இறுக்கும். முதலில் இறக்கைகளைச் சமன் செய்துவிட்டுப் பிறகு இழுக்க வேண்டும். இறக்கை சமமாக இருப்பதாக நம்புகிறவருக்கு அதைச் செய்யத் தோன்றுவது எப்படி?

இதை 1954இல் இல்லினாய் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் சோதித்தே பார்த்தார்கள். கருவிகளை மட்டும் பார்த்துப் பறக்கும் பயிற்சி இல்லாத 20 பேரை, ஒவ்வொருவராக, பயிற்றுநர் துணையோடு பீச்கிராஃப்ட் பொனான்சா விமானத்தில் ஏற்றி, வெளியே எதுவும் தெரியாதபடி செய்துவிட்டு ஓட்டச் சொன்னார்கள். இருபது பேரும் கட்டுப்பாட்டை இழந்தார்கள். 19 பேர் விழுந்தது மேலே சொன்ன அதே சுழலில். மிகக் குறைந்த நேரம் 20 நொடி, மிக அதிகம் 480 நொடி. சராசரி 178 நொடி, அதாவது மூன்று நிமிடத்துக்கும் குறைவு. அந்தச் சோதனையின் நோக்கம் பயமுறுத்துவதல்ல. அதே ஆட்களுக்குக் கருவிகளை நம்பித் திரும்பி வரும் எளிய முறையைச் சொல்லிக்கொடுத்த பிறகு, ஏறக்குறைய எல்லா முயற்சிகளிலும் அவர்கள் பத்திரமாகத் திரும்பினார்கள். பயிற்சிக்குப் பலன் உண்டு என்பதே அதன் முக்கியமான முடிவு. பத்திரிகைகளில் 178 நொடி மட்டும் நிலைத்துவிட்டது.

அந்தச் சோதனை நடந்து ஐந்து ஆண்டுகள் ஆகும் முன்பே, அதே வகை பொனான்சா விமானம் ஒன்று அயோவா மாநிலத்தின் கிளியர் லேக் அருகே அறுவடை முடிந்த வயலில் விழுந்தது. 1959 பிப்ரவரி 3, நள்ளிரவு தாண்டி ஒரு மணி வாக்கில். இறந்தவர்கள் ராக் இசைக் கலைஞர்கள் பட்டி ஹோலி, ரிச்சி வேலன்ஸ், ஜே.பி. ரிச்சர்ட்சன், 21 வயதே ஆன விமானி. மேசன் சிட்டி நிலையத்திலிருந்து கிளம்பிச் சில நிமிடங்களே ஆகியிருந்தன. விமானம் ஆறு மைல்கூடத் தாண்டவில்லை. பனி பெய்யத் தொடங்கியிருந்த அந்த இரவில், கீழே ஆளில்லாத பண்ணை நிலம் இருண்டு கிடந்தது. காலையில் சிதைவைக் கண்டபோது வேகமானி மணிக்கு 165க்கும் 170க்கும் இடையே நின்றிருந்தது. ஏற்ற இறக்கமானி நிமிடத்துக்கு 3,000 அடி இறக்கம் காட்டியது. சாய்வுக் கருவியோ, வலப்புறம் 90 பாகை சாய்ந்து மூக்கு தாழ்ந்த நிலையில் உறைந்திருந்தது. விசையோடு பாய்ந்து வந்த விமானம் அது.

அன்றைய ஆய்வு அமைப்பான சிவில் ஏரோநாட்டிக்ஸ் வாரியம் இன்னும் ஆழமாகப் போனது. அந்த விமானி கருவிப் பறப்புத் தேர்வில் ஒருமுறை தோற்றிருந்தார். வழியில் மோசமாகிவந்த வானிலை பற்றிய எச்சரிக்கைகளை வானிலை அலுவலகம் அவருக்குச் சொல்லவில்லை. இதெல்லாம் போதாதென்று, அந்த விமானத்தில் இருந்த சாய்வுக் கருவி அவர் பழகியிருந்த வகையே இல்லை. மூக்கின் ஏற்ற இறக்கத்தை அது நேர் தலைகீழாகக் காட்டும். குழப்பத்தின் நடுவே அவர் அந்தக் கருவியைப் பார்த்திருந்தால், ஏறுவதை இறங்குவதாகவும் இறங்குவதை ஏறுவதாகவும் படித்திருக்க வாய்ப்புண்டு. இங்கேயும் வதந்தி எழுந்தது. ஹோலியின் கைத்துப்பாக்கி பின்னர் வயலில் கிடைத்ததால், விமானத்துக்குள் சுட்டார்கள் என்று பேசிக்கொண்டார்கள். 2007இல் ரிச்சர்ட்சனின் உடல் தோண்டி எடுக்கப்பட்டு ஆராயப்பட்டது. குண்டுக் காயம் எதுவும் இல்லை, மோதலிலேயே உயிர் போயிருக்கிறது என்று உறுதியானது.

அனுபவம் இல்லாத சிறு விமான ஓட்டிகளுக்கு மட்டும் வரும் நோய் என்று இதை ஒதுக்கிவிட முடியாது. 1978 புத்தாண்டு நாளின் இரவில் மும்பையிலிருந்து துபாய்க்குக் கிளம்பிய ஏர் இந்தியாவின் ‘எம்பரர் அசோகா’, ஜம்போ எனப்படும் போயிங் 747, எழும்பிய 101 நொடியில் அரபிக்கடலில் விழுந்தது. 213 பேரில் ஒருவரும் பிழைக்கவில்லை. மூத்த விமானியின் செயற்கை அடிவானக் கருவி பழுதாகி, சமமாக இருந்த விமானம் வலப்புறம் சாய்ந்திருப்பதாகக் காட்டியது. அதை நம்பி அவர் இடப்புறம் சாய்த்துக்கொண்டே போனார். எதிரே கறுப்புக் கடல். கருவி பொய் சொன்னபோது அதைத் திருத்த வெளியே அடிவானம் இல்லை. காதும் உதவவில்லை.

கென்னடியின் விஷயத்துக்குத் திரும்பினால், அவரை அசட்டுத் துணிச்சல்காரர் என்று பலரும் எளிதாக எழுதிவிட்டார்கள். அறிக்கை தரும் சித்திரம் இன்னும் நுட்பமானது. அவர் சுமார் 310 மணி நேரம் பறந்தவர், அதில் 55 மணி நேரம் இரவில். விபத்துக்கு முந்தைய 15 மாதங்களில் நியூ ஜெர்சிக்கும் அந்தத் தீவுப் பகுதிக்கும் இடையே, போக்கும் வரவுமாகச் சேர்த்து, சுமார் 35 முறை பறந்தவர். கருவிப் பறப்புக்கான எழுத்துத் தேர்வில் தேறி, செய்முறைப் பாடங்களில் ஏறக்குறைய பாதியை முடித்திருந்தார். வழி புதிதல்ல, வானிலை அறிக்கையையும் பார்த்துவிட்டே கிளம்பினார்.

ஆனால் இந்தப் பெரிய எண்களுக்குள் ஒரு சிறிய எண் ஒளிந்திருக்கிறது. அண்மையில் வாங்கியிருந்த அந்தச் சரடோகாவில், பயிற்றுநர் யாரும் பக்கத்தில் இல்லாமல், இரவில் அவர் பறந்திருந்தது ஒரு மணி நேரத்துக்கும் குறைவு. அன்று கூட வருவதாகப் பயிற்றுநர் ஒருவர் சொல்லியிருக்கிறார். தனியாகவே போக விரும்புவதாகக் கென்னடி பதில் சொன்னாராம். அடிவானம் கண்ணுக்குத் தெரியும் வரை இரவில் அந்தத் தீவுக்குப் போகும் திறமை அவருக்கு உண்டு என்று ஒரு பயிற்றுநர் ஆய்வாளர்களிடம் சொன்னார். அந்த நிபந்தனைதான் அன்று கடல்மேல் கரைந்துபோயிருந்தது. விமானத்தைத் தானே சமமாகப் பிடித்துச் செலுத்தும் தானியங்கிக் கருவி அந்த விமானத்தில் இருந்தது என்பதையும், அதை இயக்க அவருக்குத் தெரியும் என்பதையும் படிக்கும்போது நெஞ்சு கனக்கிறது.

போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியத்தின் முடிவு இரண்டே வாக்கியத்தில் அடங்கியது. இரவில் நீர்ப்பரப்பின் மேல் இறங்கும்போது, திசையுணர்வு குழம்பியதால் விமானி கட்டுப்பாட்டை இழந்தார். மூட்டமும் இருண்ட இரவும் அதற்குத் துணைபோயின. யாரையும் தண்டிக்கும் சொல் அதில் இல்லை. சர்வதேச விமானப் போக்குவரத்துக்கு அடிப்படையான சிகாகோ ஒப்பந்தத்தின் 13ஆம் இணைப்பு, விபத்து ஆய்வின் ஒரே நோக்கம் அடுத்த விபத்தைத் தடுப்பதே, பழி சுமத்துவது அல்ல என்று தெளிவாகச் சொல்கிறது. உலகம் முழுவதும் ஆய்வாளர்கள் அதன்படியே நடக்கிறார்கள்.

அடுத்ததைத் தடுத்தோமா? ஓரளவு. வெளியே இருட்டாக இருந்தாலும் நிலத்தையும் நீரையும் அடிவானத்தையும் வரைந்து காட்டும் திரைகள் இன்று சிறு விமானங்களுக்கும் வந்துவிட்டன. சிர்ரஸ் போன்ற விமானங்களில் நீல நிறப் பொத்தான் ஒன்று இருக்கிறது. தலை சுற்றிக் குழம்பிப்போன விமானி அதை அழுத்தினால் போதும், தானியங்கிக் கருவி இறக்கைகளைச் சமன் செய்து விமானத்தை நேராக்கிவிடும். ஆனால் குழம்பியிருக்கிறோம் என்று அவருக்குத் தெரிந்தால்தானே அழுத்துவார்?

சட்டம் நாட்டுக்கு நாடு மாறுகிறது. கண்ணால் பார்த்துப் பறக்கும் முறையில், சூரியன் மறைந்து 20 நிமிடத்துக்குப் பிறகு பறப்பதை இந்தியா, கட்டுப்பாட்டு மையம் உள்ளூர்ப் பறப்புகளுக்குத் தரும் விலக்கு தவிர, அனுமதிப்பதில்லை. கென்னடி போன பயணத்தை அதே தகுதியோடு இங்கே ஒருவர் மேற்கொள்ள முடியாது. அமெரிக்காவில் முடியும். தனியார் விமானி உரிமத்துக்கு அங்கே மூன்று மணி நேர இரவுப் பயிற்சி போதும். கருவிப் பறப்புத் தகுதி வேண்டியதில்லை. அன்று தீவின் விமான நிலையம் பதிவுசெய்த பார்வைத் தொலைவு, சட்டம் கேட்கும் மூன்று மைலைவிட அதிகமாகவே இருந்தது. கென்னடி எந்த விதியையும் மீறவில்லை. விதி எத்தனை மைல் தெரிகிறது என்று மட்டுமே கேட்டது. அடிவானம் தெரிகிறதா என்று அது கேட்கவே இல்லை. சட்டத்தின் அந்தப் பகுதி இன்றுவரை மாறாமல் இருப்பது தவறு. நிலவில்லாத இரவில் பயணிகளோடு கடலைக் கடக்க விரும்பும் எவருக்கும் கருவிப் பறப்புத் தகுதியைக் கட்டாயமாக்க, இல்லினாய் சோதனை ஒன்றே போதுமான சான்று.